இயக்கச்சிக் கிணத்துக்குள்ள கிடந்த 54: எந்த ஆமியின்ர 54?

வடலி_இயக்கச்சி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். வரலாறு தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா உதவி செய்யுங்கோ.

போன கிழமை எங்கட வளவுப் பின்கிணறு இறைச்சுச் சேறு எடுத்தனாங்கள். நாங்கள் 2010இல மீளக்குடியமர்ந்த நாளில இருந்து அந்தக் கிணத்தைப் பாவிக்கிறதில்லை. அரைவாசி மண் நிரம்பிப்போய்க் கிடந்தது. அடிச்சேத்துக்குள்ள இருந்து மூண்டு தண்ணிக்கான் வந்தது. ரெண்டு நசிஞ்சு போச்சு. ஒண்டு முழுசா இருக்கு, இருபது லீற்றர் பிடிக்கும். பக்கத்தில வெள்ளைப் பெயின்ரால 54 எண்டு எழுதியிருக்கு. அதுக்குப் பக்கத்திலயும் ஏதோ கிடக்கு, சேறு பிடிச்சு விளங்கேல்லை.

வீட்டில இப்ப ரெண்டு கட்சி. அப்பப்பா சொல்லுறார், "உது இந்தியன் ஆமியின்ர. 54ஆம் டிவிசன் எண்டுதான் அவங்கள் வந்தவங்கள்." சித்தப்பா சொல்லுறார், "உங்களுக்கு வயசு போட்டுது ஐயா, 54 எண்டது ஆனையிறவில இருந்த சிங்கள ஆமி." ரெண்டு பேரும் மூண்டு நாளா முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் தேடினால் ரெண்டும் சரி மாதிரி வருது. ஒரே நம்பர் ரெண்டு நாட்டு ஆமிக்கும் இருக்குமோ?

---

கொக்குவில்_வாத்தியார்
ஞாயிறு, இரவு 9.05

தம்பி, அப்பப்பாவுக்கு வயசு போனாலும் ஞாபகம் போகேல்லை. சித்தப்பாவும் பிழை இல்லை. ரெண்டு 54 இருந்தது.

முதல் 54 இந்தியாவின்ர 54ஆவது காலாட்படை டிவிசன். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி அடுத்த நாளே பலாலியில வந்து இறங்கத் தொடங்கினவை. தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். வந்த நேரம் சனம் மாலை போட்டது, சர்பத் கரைச்சுக் குடுத்தது. நானும் சைக்கிளில போய்ப் பாத்தனான். செப்ரெம்பரில நல்லூர் வீதியில புலிகள் இயக்கத்தின்ர திலீபன் உண்ணாவிரதம் இருந்து 26ஆம் திகதி செத்தார். ஒக்ரோபர் 5 பலாலியில இயக்கத் தளபதியள் குமரப்பா, புலேந்திரன் ஆக்கள் 12 பேர் சயனைற் கடிச்சினம். பத்தாம் திகதி வெடி தொடங்கீற்றுது. மாலை போட்டதுக்கும் வெடி தொடங்கினதுக்கும் நடுவில ரெண்டரை மாசம் கூட இல்லை.

பதினொராம் திகதி இராத்திரி எங்கட வீட்டுக்கு மேலால தான் ஹெலி போனது. லைற் இல்லாமல், பனை வட்டு உயரத்தில. சத்தத்துக்குக் கோழியெல்லாம் கூட்டுக்குள்ள செத்தது மாதிரிக் கிடந்தது. பல்கலைக்கழக விளையாட்டுத் திடலில இறங்கினவை. முதல் பரா கொமாண்டோக்கள், பிறகு 13ஆவது சீக்கிய இலகு காலாட்படை ஆக்கள். இயக்கத்தின்ர தலைமை அங்கினேக்கைதான் இருக்குது, ஒரே இரவில பிடிச்சிடலாம் எண்டு திட்டம். இயக்கத்துக்கு வொக்கியில எல்லாம் முன்னமே கேட்டிட்டுது. ஹெலிகளுக்குச் சூடு விழுந்து, பிறகு வரவேண்டிய ஆக்கள் வரேல்லை. திடலில தனிச்சு நிண்ட சீக்கியர் 30 பேரில 29 பேர் செத்து ஒருத்தர் பிடிபட்டவர்.

கொமாண்டோக்களை மீட்க வந்த ராங்கி றோட்டால வரேல்லை. றோட்டெல்லாம் கண்ணிவெடி. ரெயில் பாதையால, சிலிப்பர் கட்டைக்கு மேலால வந்தது. அந்த ரெண்டு நாளில பிரம்படி ஒழுங்கையில செத்த எங்கட சனம் ஐம்பதுக்குக் கிட்ட. இப்பவும் அங்கை நினைவுத்தூண் நிக்குது. பத்து நாள் கழிச்சு, ஒக்ரோபர் 21, தீபாவளி அண்டைக்கு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ள இந்தியன் ஆமி பூந்து சுட்டது உங்களுக்குத் தெரியும். செத்ததில அங்கை வேலை செய்த ஆக்கள் மட்டும் 21 பேர். நோயாளியளோட சேத்து அறுபதுக்கு மேல.

அப்பப்பா எந்த ஊர் தம்பி? கொக்குவில் பக்கமோ?

---

வடலி_இயக்கச்சி
ஞாயிறு, இரவு 9.20

ஓம் ஐயா! கொக்குவில் கிழக்கு. 88இலதான் அப்பம்மாவின்ர வளவுக்கு, இயக்கச்சிக்கு வந்தவை. எப்பிடிக் கண்டுபிடிச்சியள்?

---

கொக்குவில்_வாத்தியார்
ஞாயிறு, இரவு 9.26

எங்கட ஊர்ச் சனத்துக்கு 54 எண்டால் அந்த ஒக்ரோபர்தான். வேற 54 தெரியாது.

---

தஞ்சாவூர்_வாசகன்
ஞாயிறு, இரவு 10.48

நான் தமிழ்நாடு. இந்த இழையைப் படிக்கும்போது மனசு கனத்துப்போச்சு. ஒரு தகவல் மட்டும் சொல்லிக்கிறேன், தவறா எடுத்துக்காதீங்க.

எங்க ஊர்ப் பக்கம் 54ன்னா முன்னாள் ராணுவத்துக்காரங்க சொல்றது 1971 பாகிஸ்தான் போர். ஷகர்கர் பகுதியில பசந்தர் ஆறு. மேஜர் ஜெனரல் பிண்டோ தலைமையில இதே 54ஆவது டிவிஷன் டிசம்பர் 15 ராத்திரி கண்ணிவெடி வயலைத் தாண்டி ஆத்தைக் கடந்தது. அடுத்த ரெண்டு நாள் பெரிய டாங்கிச் சண்டை. இரண்டு பரம்வீர் சக்கரம், ஒண்ணு பூனா ஹார்ஸ் அருண் கேதார்பால், 21 வயசுப் பையன், டாங்கிக்குள்ளேயே உயிர்விட்டார். இன்னொண்ணு கிரனேடியர்ஸ் மேஜர் ஹோஷியார் சிங், அவர் உயிரோட திரும்பினார். 16ஆவது மெட்ராஸ் பட்டாலியனும் அந்தப் பாலமுகப்புல நின்னுது. எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் அதுல இருந்தார். கடைசி வரைக்கும் "54 பேரைச் சொன்னா பாகிஸ்தான் டாங்கி திரும்பிப் போவும்"னு பெருமையாச் சொல்வார்.

யாழ்ப்பாணத்தைப் பத்தி அவர்கிட்ட கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவார்.

---

கொக்குவில்_வாத்தியார்
திங்கள், காலை 6.10

தவறா எடுக்கேல்லை தம்பி. நீங்கள் சொன்னதுக்குள்ளதான் விசயமே இருக்கு.

கோதுமை வயல், வெட்டவெளி, நூறு ராங்கி இந்தப் பக்கம், நூறு ராங்கி அந்தப் பக்கம். அப்பிடிப் பேர் எடுத்த டிவிசனை இயக்கத்திட்டை இருந்து ஆயுதம் வாங்கி வைக்கிற வேலைக்கெண்டு இஞ்சை அனுப்பினவை. சண்டை வரும் எண்டு வரேல்லை. பாதி ஆக்கள், பாரமான ஆயுதம் பின்னால. பிறகு திடீரெண்டு கொக்குவில், கோண்டாவில் ஒழுங்கையளுக்குள்ள போ எண்டால் என்ன செய்யிறது? எங்கட ஒழுங்கை தெரியும்தானே. ரெண்டு பக்கமும் கிடுகுவேலி, இல்லாட்டி மதில். ஒரு மாட்டுவண்டி வந்தால் எதிர வாற சைக்கிள் வேலியோட சாயவேணும். வளைவுக்கு வளைவு படலை. வேலிக்கு அங்கால ஆள் நிக்கிறானோ ஆடு நிக்கிதோ தெரியாது. ஆர் இயக்கப் பெடியன், ஆர் சனம் எண்டும் தெரியாது. அவன் பயத்தில சுட்டதெல்லாம் வீட்டுக்குள்ள இருந்த சனத்துக்குத்தான் பட்டது. நான் இதை அவங்களுக்காகச் சொல்லேல்லை. பயத்துக்கும் பலி எடுக்கிற கணக்கு இருக்கு, அந்தக் கணக்கை எங்களிட்டைத்தான் தீர்த்தவங்கள்.

பிறகு 36, 57, 4ஆவது மலைப்படை எண்டு இன்னும் மூண்டு டிவிசன் வந்தது. அந்த வருசம் நவம்பர் 25 உடுவிலுக்குக் கிட்டக் கந்தரோடையில செத்த மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் குடுத்தவை, இஞ்சை நடந்த சண்டைக்கு அந்த ஒண்டுதான். அவரும் தமிழன். 1990 மார்ச் 24 கடைசிக் கப்பல் போட்டுது.

---

கிளாலிக்கரை
திங்கள், காலை 7.33

ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனா கான் இயக்கச்சியில கிடந்திருக்கு. இயக்கச்சி எண்டால் கேள்வியே இல்லை, ஆனையிறவு 54தான்! 2000ஆம் ஆண்டு பெடியள் அந்த டிவிசனை ஓட ஓடக் கலைச்ச கதை தெரியாதோ? ஒரு கெரில்லா இயக்கம் ஒரு முழு டிவிசன் முகாமை உப்பிடி விழுத்தினது சின்ன விசயமோ? அமெரிக்க அதிகாரியளே வந்து பாத்திட்டு உதை ஒருத்தராலும் பிடிக்கேலாது எண்டவையாம். பிடிச்சுக் காட்டினவங்கள்.

---

ரொறன்ரோ_தட்டாதெரு
திங்கள், மதியம் 12.02

கிளாலிக்கரை அண்ணை, "ஓட ஓடக் கலைச்சது" எண்டு எழுத நல்லாத்தான் இருக்கு. செத்தது ரெண்டு பக்கமும் இருபது வயசுப் பிள்ளையள். என்ர மச்சாளின்ர மகன் இத்தாவிலில. 54இல நிண்டவனும் மொனராகலையில வயல் வித்துக் கடன் கட்ட ஆமிக்கு வந்தவனாத்தான் இருப்பான். நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?

---

கிளாலிக்கரை
திங்கள், மதியம் 12.40

நான் எங்கை நிண்டன் எண்டு உங்களுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. கனடாவில ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்து

[இந்தப் பதிவின் மிச்சப் பகுதி நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]

---

மட்டுறுத்துநர்
திங்கள், மதியம் 1.15

ஆளை ஆள் தாக்கிற பதிவு வேண்டாம். கேள்வி ஒரு தண்ணிக்கான் பற்றினது. அதில நில்லுங்கோ. வெற்றி தோல்விக் கதைக்கு வேற இழை கிடக்கு.

---

உவர்நீர்
திங்கள், மாலை 5.50

வேலையால வந்து இப்பத்தான் வாசிச்சன். நான் தண்ணி சம்பந்தமான தொழில் செய்யிறன். எல்லாரும் பீரங்கி, ராங்கி எண்டு கதைக்கிறியள். வடலித் தம்பியின்ர கையில கிடக்கிற கான்தான் அந்தச் சண்டையின்ர முக்கியமான ஆயுதம் எண்டு நான் சொல்லுவன்.

ஆனையிறவின்ர நிலத்தைப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் கடல்நீரேரி, நடுவில ஒடுங்கின தரை, உப்பளம். ஒல்லாந்தர் கோட்டை கட்டினது, வெள்ளைக்காரன் வாடிவீடு வைச்சது, பிறகு ஆமி முகாம் போட்டது எல்லாம் அந்த ஒடுக்கத்துக்காகத்தான். கண்டி றோட்டும் ரெயில் பாதையும் அதுக்குள்ளாலதான் போகவேணும். வாசலைப் பூட்டினால் குடாநாடு பூட்டு. 90இல இருந்து 95 மட்டும் சனம் கிளாலிக் கடலால இராத்திரி வள்ளத்தில போய்வந்தது ஏன்? இந்த வாசல் பூட்டினபடியால்தான்.

ஆனா அந்த வாசலில நிக்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. தோண்டினால் உப்பு. குடாநாட்டில நன்னீர் எண்டது உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால் கீழ ஏறத்தாழ நாப்பது அடி நன்னீர் இருக்கும் எண்டு ஒரு கணக்கு. ஒடுங்கின தரையில அந்த ஒரு அடி எங்கை நிக்கிறது? நாலைஞ்சு கிலோமீற்றர் வடக்க வந்தால் இயக்கச்சி. மணல் தரை, தென்னை, மழைத்தண்ணி கீழ இறங்கித் தங்கும். நல்ல தண்ணி. ஆனையிறவுக்குத் தண்ணி இயக்கச்சிக் கிணறுகளில இருந்துதான் போனது.

சும்மா ஒரு கணக்குப் போடுவம். பத்தாயிரம் பேர் எண்டு வையுங்கோ. சித்திரை வெய்யிலில பங்கருக்குள்ள கிடக்கிற ஒருத்தனுக்குக் குடிக்க, சமைக்க ஆகக் குறைஞ்சது அஞ்சு லீற்றர். நாளுக்கு ஐம்பதினாயிரம் லீற்றர். இருபது லீற்றர்க் கானில ரெண்டாயிரத்து ஐந்நூறு கான். குளிக்கிறது, காயம் கழுவிறது கணக்கில இல்லை. இது ஒவ்வொரு நாளும் போகவேணும். ஒரு நாள் தண்ணிப் பவுசர் போகாட்டி அடுத்த நாள் ஒருத்தனும் ரவையைப் பற்றி யோசிக்கமாட்டான்.

---

ரொறன்ரோ_தட்டாதெரு
திங்கள், மாலை 6.25

உவர்நீர், நான் இப்பிடி யோசிச்சதே இல்லை. 91இலயும் உதே இடத்தில ஒரு மாசம் அடிபட்டவைதானே. அப்ப ஏன் விழேல்லை?

---

உவர்நீர்
திங்கள், இரவு 8.40

91 ஜூலை 10 தொடங்கின சண்டை. அப்ப அங்கை டிவிசன் இல்லை, சிங்க றெஜிமென்ரின்ர ஆறாவது பட்டாலியன், சில நூறு பேர். புல்டோசருக்கு இரும்புத் தகடு அடிச்சு இயக்கம் கொண்டுபோனது, அதில ஏறிக் கைக்குண்டு போட்டுச் செத்த காமினி குலரத்னவுக்குத்தான் இலங்கை ஆமியின்ர ஆக உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணத்தை முதல்முதலாக் குடுத்தவை. அந்த புல்டோசர் இப்பவும் கண்டி றோட்டுக் கரையில நிக்குது, பஸ்ஸில போறவை கண்டிருப்பியள். ஆமித் தளபதி கொப்பேகடுவ கடலால வெற்றிலைக்கேணியில ஆக்களை இறக்கி, மணலுக்குள்ளால மூண்டு கிழமை கிட்ட நடந்து வந்து முகாமைத் தொட்டார். அதாவது கிழக்குக் கடற்கரை திறந்து கிடந்தது. உதவி வந்தது.

2000இல அந்தக் கதவுகள் ஒவ்வொண்டாப் பூட்டுப்பட்டது. 99 டிசம்பரில வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு போட்டுது. தெற்கால பரந்தன் போட்டுது. மிஞ்சினது வடக்க போற கண்டி றோட் ஒண்டுதான். 2000 மார்ச் 26 குடாரப்பில இயக்கத் தளபதி பால்ராஜ் ஆக்கள் கடலால இறங்கி, நீரேரிச் சதுப்பைக் கடந்து பளைக்கு அங்கால இத்தாவிலில கண்டி றோட்டுக்கு மேல குந்தீற்றினம். முன்னுக்கும் ஆமி, பின்னுக்கும் ஆமி. 34 நாள். றோட் அறுந்திட்டுது. கிளாலிக் கரையோரத்து மணல் பாதை மட்டும்தான் ஆமிக்கு மிச்சம்.

முகாமின்ர முன்பக்கத்தை, அந்த மண்ணணை, கம்பிவேலி, கண்ணிவெடி எல்லாத்தையும் உடைக்கேல்லை கண்டியளோ. பின்னால சுத்திவந்து இயக்கச்சியைத் தொட்டவை. ஏப்ரல் 22 இயக்கச்சி போச்சு, அண்டைக்கே ஆனையிறவும் போச்சு. ரெண்டுக்கும் நடுவில நாள் கணக்கு இல்லை, மணித்தியாலக் கணக்குத்தான். அதைவிட வேற சாட்சி வேணுமோ?

---

கிளாலிக்கரை
திங்கள், இரவு 9.30

சரி, நான் காலமை கொஞ்சம் சூடாகீற்றன். ரொறன்ரோ அண்ணை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இத்தாவில் எண்டு எழுதினதை வாசிச்சாப்பிறகு எனக்கு ஒண்டும் எழுத வரேல்லை. என்ர தம்பியும் அங்கைதான்.

உவர்நீர் சொன்ன கரையோரப் பாதை எங்கட ஊர்ப் பாதை. நாங்கள் அப்ப அங்கை இல்லை. 2002இல ஏ9, அதுதான் கண்டி றோட், திறந்தாப்பிறகு ஒருக்கா விட்டவங்கள், கோயில் பாக்க. கரை முழுக்கச் சப்பாத்து. சோடி சோடியா இல்லை, ஒத்தை ஒத்தையா. உப்பு நீருக்குள்ள நடக்கேக்கை கழட்டி எறிஞ்சிருப்பாங்கள் எண்டு அம்மா சொன்னா. தண்ணி விடாய்ச்சுக் கனபேர் விழுந்தவங்களாம், சண்டையில இல்லை. அவையின்ர டிவிசன் துணைத்தளபதி பேர்சி பெர்னாண்டோவும் அந்தப் பின்வாங்கலிலதான் செத்தவர். அம்மா அந்தச் சப்பாத்து ஒண்டைத் தூக்கி வேலி ஓரமா வைச்சா. ஏன் வைச்சா எண்டு நான் கேக்கேல்லை.

---

ரொறன்ரோ_தட்டாதெரு
செவ்வாய், அதிகாலை 3.15

மன்னிக்க ஒண்டுமில்லை தம்பி. உங்கட தம்பியின்ர பேர் போடவேண்டாம், ஆனா உள்பெட்டியில ஒருக்கா எழுதுங்கோ. மச்சாள் இண்டைக்கும் மகனோட நிண்டவை ஆர் எண்டு தேடிக்கொண்டுதான் இருக்கிறா.

---

தஞ்சாவூர்_வாசகன்
செவ்வாய், காலை 8.05

ஒரு சந்தேகம். இலங்கை ராணுவத்துக்கு 54ன்னு எண் எப்படி வந்தது? மொத்தமே அத்தனை டிவிஷன் இருந்திருக்காதே.

---

கொக்குவில்_வாத்தியார்
செவ்வாய், காலை 9.00

நல்ல கேள்வி. ஒண்டில இருந்து எண்ணினதில்லை. 95 ஒக்ரோபர் 17 ரிவிரெச எண்ட ஆமி நடவடிக்கை தொடங்கி, 30ஆம் திகதி இராத்திரி நாங்கள் அஞ்சு லட்சம் சனம் மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் கடந்தது, டிசம்பர் 5 ஆமி யாழ்ப்பாணக் கோட்டையில கொடி ஏத்தினது. அந்தச் சண்டைக்கு வந்தவை 51, 52, 53. பிறகு 54, 55. வடக்குக்கு ஐம்பது வரிசை. 53ஐயும் 55ஐயும் 97இல ஜயசிக்குறு எண்ட நடவடிக்கைக்கு வன்னிக்கு இழுத்தவை. 2006 ஒக்ரோபர் 11 முகமாலையில முன்னேறப்போய் அடிவாங்கினதும் அந்த ரெண்டும்தான். 54 மட்டும் ஆனையிறவோட குலைஞ்சு போச்சு. நம்பர் சாகேல்லை. இப்ப மன்னார்ப் பக்கம் 54 எண்டு ஒரு டிவிசன் இருக்கு. ஆக்கள் வேற, பேர் அதே.

எங்கட சனத்துக்கு நம்பர் பாடம்தான். 512 எண்டால் இன்ன சந்தி, 51 எண்டால் இன்ன முகாம், பாஸ் எடுக்க அங்கை போ, விசாரணைக்கு இஞ்சை போ. பிள்ளையள் வாய்ப்பாடு படிக்க முதல் பிரிகேட் நம்பர் படிச்சதுகள்.

---

உவர்நீர்
செவ்வாய், காலை 9.22

வாத்தியார் 512 எண்டு சொன்னதும்தான் மண்டையில பட்டது! வடலித் தம்பி, 54க்குப் பக்கத்தில ஏதோ கிடக்கு எண்டு முதல் பதிவில எழுதினனீங்கள். அதைத் தேய்ச்சுப் பாருங்கோ. இலங்கை ஆமி பிரிகேட்டுக்குப் பேர் வைக்கிறது டிவிசன் நம்பருக்குப் பின்னால ஒரு எண் போட்டு. 51க்குள்ள 511, 512, 513. அப்ப 54க்குள்ள 541, 542. இந்திய ஆமி அப்பிடி இல்லை, அவையின்ர பிரிகேட் நம்பருக்கும் டிவிசன் நம்பருக்கும் தொடர்பில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்த 54க்குள்ள 91, 41, 72 எண்டுதான் இருந்தது. மூண்டாவது எண் ஒண்டு இருந்தால் அப்பப்பா தோத்தார்.

---

வடலி_இயக்கச்சி
செவ்வாய், மாலை 6.48

தேய்ச்சன். முதல் பொச்சும் சாம்பலும், பிறகு பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ். 54க்குப் பக்கத்தில நேர்க்கோடு ஒண்டு. 541. பெயின்ற் கையால எழுதினது, 4இன்ர கால் வழிஞ்சிருக்கு. மூடியில சங்கிலி போட்ட ஓட்டை இருக்கு, சங்கிலி இல்லை. அடியில ஒரு பக்கம் சின்னத் துளை, உள்ள இருந்து வெளிய தகடு மடிஞ்சு நிக்குது.

அப்பப்பாட்டைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பாத்தார். விரலால அந்த 1ஐத் தடவினார். "அப்ப உது எங்கட கிணத்துத் தண்ணி அள்ளினவங்கள்" எண்டார். சித்தப்பா வெண்டிட்டன் எண்டு சிரிக்க வெளிக்கிட்டவர், பிறகு பேசாமல் போய் ரெண்டு கதிரையையும் முத்தத்தில போட்டார்.

அதுக்குப் பிறகு அப்பப்பா சொன்னது எனக்குப் புதுசு. 96க்குப் பிறகு ஆமி நிக்கேக்கை எங்கட பின்கிணத்தில தண்ணி அள்ளுற நீட்டு மரம், துலா, இருந்ததாம். இடம்பெயர முதல் அவர் துலாக்கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு போனவராம், திரும்பி வந்து கட்டலாம் எண்டு. "கயிறு இல்லாமல் எப்பிடி அள்ளினவங்கள்?" எண்டு என்னைக் கேக்கிறார்.

நாளைக்குக் கிணத்தடிக்குப் பின்பக்கம், அந்தத் தாழை மூட்டுப் பக்கம் கிண்டிப் பாக்கப் போறம். அங்கையும் தகரம் மாதிரி ஏதோ மண்வெட்டியில தட்டுப்பட்டது. இன்னும் கான் இருக்கும்போல.

---

முகமாலை_அக்கா
செவ்வாய், இரவு 7.10

வடலி, கிண்டாதேங்கோ!!! இதை வாசிச்ச உடன மறுமொழி போடுங்கோ.

நான் பத்து வருசத்துக்கு மேல முகமாலை, இத்தாவில், கிளாலி எண்டு மிதிவெடி எடுக்கிற வேலை செய்யிறன். 2000க்கும் 2009க்கும் நடுவில ரெண்டு பக்கமும் மாறி மாறித் தாட்ட நிலம். ஆமி போட்டது பாகிஸ்தான் பி-4, இயக்கம் அதைப் பாத்துச் செய்தது ரங்கன், மரப்பெட்டியில செய்தது ஜொனி. பி-4 பிளாஸ்ரிக், தகரம் மாதிரித் தட்டாது. தகரம் மாதிரித் தட்டுறது மோட்டார்க் குண்டு, இல்லாட்டி ஆர்.பி.ஜி. துருப்பிடிச்சாலும் வெடிக்கும். நாங்கள் முழங்காலில நிண்டு, சின்னக் கைவாரியால ஒவ்வொரு விரல்கடை மண்ணாச் சுரண்டி எடுக்கிறம், நாள் முழுக்கச் செய்தால் ஒரு பாய் விரிக்கிற இடம் முடியும். நீங்கள் மண்வெட்டி போடுறியள்.

கிணறு இறைக்கேக்கை அடிச்சேறு எடுத்தது ஆர்? நீங்களே இறங்கினனீங்கள்? கிணறுகளுக்குள்ள பெட்டி பெட்டியா ரவை எடுத்திருக்கிறம். பின்வாங்கேக்கை எல்லாத்தையும் கிணத்துக்குள்ள போடுறதுதான் பழக்கம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

---

வடலி_இயக்கச்சி
செவ்வாய், இரவு 7.16

அக்கா, சித்தப்பாவும் நானும்தான் இறங்கினனாங்கள். மீளக்குடியமர்த்தேக்கை வளவு துப்புரவு செய்தாச்சு எண்டுதான் சொன்னவை.

---

முகமாலை_அக்கா
செவ்வாய், இரவு 7.24

வீடும் முன்வளவும் பாத்திருப்பினம். தாழை மூடு, வேலிக்கரை, பாழ்கிணறு எல்லாம் அப்ப விட்டுப்போன இடங்கள். உங்களுக்கு ஒண்டும் ஆகாதது கடவுள் புண்ணியம். இப்ப செய்யவேண்டியது: தட்டுப்பட்ட இடத்துக்குப் போன அதே காலடியால திரும்பி வாங்கோ. ரெண்டு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கோ, பக்கத்தில கட்டினால் போதும், இடத்துக்கு மேல இல்லை. ஆடு மாடு போகாமல் கயிறு இழுங்கோ. நாளைக்கு விடிய கிராமசேவையாளரிட்டைச் சொல்லுங்கோ, அவர் எங்கட ஆக்களுக்கு அறிவிப்பார். அந்தக் கான் துளையைப் பற்றிச் சொன்னியளே, உள்ள இருந்து வெளிய மடிஞ்சிருக்கு எண்டு. அதுக்குள்ள ஏதும் குலுங்குதோ? குலுக்கிப் பாக்காதேங்கோ. சேறு கிடந்தால் அப்பிடியே கிடக்கட்டும்.

---

வடலி_இயக்கச்சி
செவ்வாய், இரவு 8.02

அக்கா, கான் வெறுமை. கழுவேக்கை ஊத்திப் பாத்தாச்சு. தடி நட்டாச்சு, அம்மாவின்ர பழைய சிவப்புச் சட்டைத்துணி கட்டியிருக்கு. அப்பப்பாதான் கயிறு தந்தவர். பரணில இருந்து எடுத்தார். துலாக்கயிறு.

மண்வெட்டி சித்தப்பாவின்ர அறைக்குள்ள பூட்டிக் கிடக்கு.